சுட்டால் சொரணை, ஆறினால் ஆறுதல்

சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலின் அடியில் ‘சூடான வாழ்த்துகளுடன்’ என்று இருந்தது. அனுப்பியவர் சாதுவான மனிதர். ஆங்கிலத்தில் எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்து, வந்ததை அப்படியே அனுப்பிவிட்டார். அது தெரிந்தும், படித்த முதல் நொடியில் ‘நான் என்ன தப்புச் செய்தேன்?’ என்றுதான் தோன்றியது. தமிழில் ஒருவர் நமக்குச் சூடாக எதையாவது கொடுத்தால் அது காப்பியாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் திட்டாக இருக்க வேண்டும். வாழ்த்தைச் சூடாகக் கொடுக்கிற பேச்சு நம்மிடம் கிடையாது.

ஆங்கிலத்தில் ‘வார்ம்’ என்ற சொல் தண்ணீருக்கும் வரும், கம்பளிக்கும் வரும், மனிதருக்கும் வரும். மனிதருக்கு வரும்போது அது பெரிய பாராட்டு. எவ்வளவு பெரியது என்பதை சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1946-இல் காட்டினார். முகம் தெரியாத ஓர் ஆளைப் பற்றி ஏழு குணங்களை வாசித்தார்: புத்திசாலி, திறமைசாலி, உழைப்பாளி, ‘வார்ம்’, உறுதியானவர், நடைமுறை தெரிந்தவர், எச்சரிக்கையானவர். இன்னொரு குழுவுக்கும் அதே பட்டியல்தான். நடுவில் இருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘கோல்டு’ என்று வைத்தார். முதல் குழுவுக்கு அந்த ஆள் தாராள மனசுக்காரராகவும் சிரித்துப் பழகுபவராகவும் தெரிந்தார். இரண்டாம் குழுவுக்கு அதே ஆள் இரக்கமில்லாதவர், எதிலும் கணக்குப் பார்ப்பவர். அதே இடத்தில் ‘மரியாதையாகப் பேசுபவர்’, ‘வெடுக்கென்று பேசுபவர்’ என்ற இணையை வைத்துப் பார்த்தபோது இவ்வளவு வித்தியாசம் வரவில்லை.

சரி, இந்தச் சோதனையைத் தமிழில் செய்வதாக வைத்துக்கொள்வோம். நாலாவது இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது? ‘வெதுவெதுப்பானவர்’ என்றால் சிரிப்பார்கள். ‘சூடானவர்’ என்றால் ஒதுங்கி நிற்பார்கள். ‘கனிவானவர்’ என்று போடலாம், பொருள் சரியாக வரும். ஆனால் கனிவு என்பது பழுத்த பழத்திலிருந்து வந்த சொல். ‘ஈரமுள்ள மனுஷர்’ என்று போடலாம், அது தண்ணீரிலிருந்து வந்தது. எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாலும் இதே கதை. ‘குளிர்ந்தவர்’ என்று யாரும் வசை பாடுவதில்லை. ‘ஈரமில்லாத நெஞ்சு’, ‘கல் நெஞ்சு’ என்கிறோம். மனசை அளக்க ஆங்கிலம் வெப்பமானியை எடுக்கிற இடத்தில், தமிழ் தொட்டுப் பார்த்து ஈரமா வறட்சியா, இளக்கமா இறுக்கமா என்று கேட்கிறது.

அப்படியானால் தமிழில் சூடு எங்கேதான் போயிற்று? எல்லா இடத்திலும் இருக்கிறது. சொல்லாகவே அது வேடிக்கையானது. ‘சுடு’ என்ற வினை, முதல் எழுத்து நீண்டு ‘சூடு’ என்று பெயராகிறது. கெடு கேடாவதும், பெறு பேறாவதும் இப்படித்தான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதைத்தான். இந்தச் ‘சுடு’வுக்குள் அடுப்பும் இருக்கிறது, சுடுகாடும் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. பேச்சுவழக்கில் திருட்டும் இருக்கிறது: ‘என் பேனாவை யாரோ சுட்டுட்டாங்க’ என்றால் யாரும் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவதில்லை. (பூச்சூடுவது வேறு சூடு. வைக்கும் இடம் தலை என்பதால் குழப்பம் வராமல் பிழைத்துக்கொண்டோம்.)

பெயர்ச்சொல்லாகச் சூடு முதலில் ஒரு காயம். மாட்டுக்குப் போடுவது சூடு. புலியைப் பார்த்துப் பூனை போட்டுக்கொண்டதும் சூடு. பூனைக்கு இந்த விஷயத்தில் தமிழில் ராசியே இல்லை. சூடு கண்ட பூனை என்று இன்னொரு பழமொழியிலும் அதுவே மாட்டிக்கொள்கிறது. சொல்லும் சுடும்: ‘சுடச்சுடப் பதில் கொடுத்தான்’, ‘சூடாக நாலு வார்த்தை கேட்டாள்’. இன்னொரு பக்கம், சூடு என்பது வேகம், விறுவிறுப்பு. தேர்தல் களம் சூடு பிடிக்கிறது. ஒரு வேலையைச் சூட்டோடு சூடாக முடித்துவிட வேண்டும், ஆறவிட்டால் நடக்காது.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது ‘சூடு சொரணை’ என்ற இணை. ‘உனக்குச் சூடு சொரணை இருக்கா?’ என்று ஒருவரைக் கேட்கும்போது, நாம் கேட்பது மானம் இருக்கிறதா என்பதை. மானத்துக்கும் வெப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? சுட்டால் சுடுகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தோலில் தீ பட்டால் கை தானாகப் பின்வாங்குகிறது. அதுபோல அவமானம் பட்டால் மனசு துள்ள வேண்டும். துள்ளாதவன் மரத்துப்போனவன். இங்கே சூடு என்பது தீயில் இல்லை, உணர்கிறவனிடம் இருக்கிறது. ‘உடம்பில் சூடு இருக்கிறவரைக்கும்’ என்று சொல்லும்போதும் அப்படித்தான்: சூடு இருந்தால் உயிர், சில்லிட்டுப் போனால் முடிந்தது.

ஆக, தமிழ்ச் சூடு கெட்ட பொருள் மட்டும் கொண்டதல்ல. ஆனால் அன்பு அதன் வழக்கமான முகவரி இல்லை. அன்பாலும் மகிழ்ச்சியாலும் நமக்கு நடப்பதெல்லாம் குளிர்ச்சியின் பக்கம் நடக்கிறது. மனம் குளிர்கிறது. கண் குளிரப் பார்க்கிறோம், காது குளிரக் கேட்கிறோம். கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துவிடுகிறது. பழைய நூல்களில் அரசனின் கருணைக்குப் பெயர் தண்ணளி. துயரத்துக்கோ கொதிப்பு, வேக்காடு, வெதும்பல், புழுக்கம், எரிச்சல் என்று ஒரு சமையலறையே திறந்து கிடக்கிறது. அதிலும் வயிறுதான் நம்முடைய உண்மையான வெப்பமானி. பொறாமை வந்தால் எரிவது வயிறு. பிள்ளை நேரத்துக்கு வீடு திரும்பாவிட்டால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நல்ல செய்தி வந்தால் அதே வயிற்றில் பால் வார்க்கிறார்கள்.

இதற்கு உடனே எல்லோரும் சொல்லும் விளக்கம் வெயில். வெயில் கொளுத்தும் ஊர்க்காரனுக்குக் குளிர்ச்சி சுகம், பனி கொட்டும் ஊர்க்காரனுக்கு வெப்பம் சுகம் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் சில விஷயங்கள் இடிக்கும். முதலாவது, குளிரும் நமக்கு எப்போதும் நல்லதல்ல. ‘அவனுக்குக் குளிர் விட்டுப்போச்சு’ என்றால் பயம் போய்விட்டது என்று பொருள். அங்கே குளிர் என்பது நடுக்கம். இரண்டாவது, பழந்தமிழில் வெம்மைக்கு விருப்பம் என்றே ஒரு பொருள் உண்டு. தொல்காப்பிய உரியியலில் ‘வெம்மை வேண்டல்’ என்று இரண்டே சொல்லில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒன்றை வெய்யோர் என்றால் அதை விரும்புகிறவர். வெயிலும் வெந்நீரும் வேனிலும் பிறந்த அதே ‘வெ’தான். அப்போதும் இதே வெயில்தான் அடித்தது.

எனவே வெப்பத்தோடு நேசத்தைச் சேர்க்கத் தமிழுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அதோடு விளையாடியிருக்கிறது. திருக்குறளில் தலைவன் சொல்கிறான்: ‘நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும் தீயாண்டுப் பெற்றாள் இவள்’ (1104). விலகினால் சுடுகிறது, அருகில் போனால் குளிர்கிறது. இப்படி ஒரு தலைகீழ் நெருப்பை இவள் எங்கே வாங்கினாள் என்கிறான். நெருப்பு என்கிற உவமையை எடுத்துக்கொண்டு, அதன் இயற்பியலை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதே நூலில் இன்னொரு பெண், காதலர் என் நெஞ்சுக்குள்ளேயே இருப்பதால் சூடாகச் சாப்பிடப் பயமாக இருக்கிறது, அவருக்குச் சுட்டுவிடும் என்கிறாள் (1128). இதைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் என்னவோ செய்கிறது.

தெரிந்தே விட்டுவிட்ட ஒன்று என்றால், அன்புக்குத் தமிழ் எதைத்தான் பிடித்துக்கொண்டது? என் கணிப்பு இதுதான்: நெருப்புக்குப் பெயர் கொடுப்பதை விட்டுவிட்டு, நெருப்பு செய்துவிட்டுப் போன வேலைக்குப் பெயர் கொடுத்தது. மூன்று வினைகளை எடுத்துப் பார்த்தால் இது புரியும்.

உருகுதல். ‘அவர் பேசப் பேச உருகிப்போனேன்’. நெய்யோ மெழுகோ உருக வேண்டுமென்றால் பக்கத்தில் சூடு இருந்தாக வேண்டும். ஆனால் அந்தச் சூட்டை யாரும் சொல்வதில்லை. உருக்கமாகப் பாடினார் என்போம், வெப்பமாகப் பாடினார் என்று சொல்ல மாட்டோம்.

காய்தல். இது இன்னும் சுவாரசியம். துணி காய்கிறது, தொண்டை காய்கிறது, பட்டினி கிடந்தால் வயிறும் காய்கிறது. உடம்பு காய்ந்தால் காய்ச்சல். நிலாகூடக் காய்கிறது, அதில் சூடே இல்லாவிட்டாலும். பழைய தமிழில் காய்தல் என்றால் வெறுத்தல், கோபித்தல். ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்று இன்றைக்கும் நடுநிலைக்கு எழுதுகிறோம். இத்தனைக்கும் நடுவில் ‘குளிர்காய்தல்’ என்று ஒன்று. குச்சிகளைக் குவித்துத் தீ மூட்டி, உள்ளங்கைகளை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு குந்தியிருக்கிறார் ஒருவர். என்ன செய்கிறார் என்று கேட்டால், ‘குளிர்காய்கிறார்’ என்கிறோம். செய்வது சூடேற்றிக்கொள்வது, பெயரில் இருப்பதோ குளிர். ஈரத் துணியைக் காயவைக்கிற மாதிரி, உடம்பில் ஏறிய குளிரை நெருப்பில் காட்டி உலர்த்துகிறார். இங்கேயும் நெருப்பு பெயருக்குள் வரவில்லை. அது செய்துகொடுத்த வேலைதான் வந்திருக்கிறது.

இந்தச் சொல் கடைசியில் கெட்ட வேலைக்கும் போயிற்று என்பது வேறு. அடுத்தவர் வீடு எரிய, அதில் குளிர்காய்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். நெருப்பிடம் பழகுவதில் தூரம்தான் முக்கியம் என்பதும் பழைய அறிவு. அரசனிடம் வேலை பார்ப்பவர் ரொம்ப விலகாமலும் ரொம்ப நெருங்காமலும் தீக்காய்பவரைப் போல இருக்க வேண்டும் என்கிறது குறள் (691). மேலதிகாரி உள்ள யாருக்கும் இதற்கு உரை தேவைப்படாது.

மூன்றாவது, ஆறுதல். இதைத்தான் தமிழின் மிக நல்ல வெப்பச் சொல் என்பேன். காப்பி ஆறுகிறது. புண் ஆறுகிறது. கோபம் ஆறுகிறது. ஒருவருக்கு நெருங்கிய சாவு நேர்ந்தால் போய் உட்கார்ந்து நாம் கொடுப்பது ஆறுதல், அதாவது சூடு இறங்குதல். துக்கத்தில் இருப்பவரை ஆங்கிலம் நினைத்துப் பார்க்கும்போது, வெளியே குளிரில் நிற்பவரை உள்ளே கூப்பிட்டுப் போர்வை போர்த்துவது போல நினைக்கிறது. தமிழோ அவரைச் சுட்டுக்கொண்டவராக நினைக்கிறது. போர்வையை எடுத்துக்கொண்டு போனால் எரிச்சல்தான் கூடும். விசிற வேண்டும், ஊத வேண்டும், காத்திருக்க வேண்டும். ‘ஆற்றாமை’ என்ற சொல்லின் கனம் அப்போதுதான் தெரிகிறது: அகராதியில் அது தாங்க முடியாமை, காதில் விழுவதோ ஆற்ற முடியாத சூடு. ‘ஆற அமர யோசி’ என்பதில் இருக்கிற நிதானமும் இதே வேர். இவ்வளவு இருந்தும், ஆறிப்போன சாப்பாட்டையும் ஆறிப்போன செய்தியையும் நமக்குப் பிடிக்காது. எது ஆறலாம், எது ஆறக்கூடாது என்பதில் ரொம்பக் கறாராக இருக்கிறோம்.

இனி, உண்மையான, தொட்டால் தெரிகிற இளஞ்சூட்டுக்கு வருவோம். அங்கே தமிழ் ஆங்கிலத்தைவிட நுணுக்கமானது. குளிக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. போர்வைக்குள் கதகதப்பாக இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் காதில் ஏதோ உறுத்தும். ‘வெதுவெதுப்பான அறை’ என்றால் அறையில் தண்ணீர் தேங்கிவிட்டதோ என்று தோன்றும். தொட்டு அறிகிற சூடு ஒன்று, சூழ்ந்து நிற்கிற சூடு இன்னொன்று. மொழியியலாளர் மரியா கோப்ட்யெவ்ஸ்கயா-டாம் 2015-இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வுத் தொகுதி 50க்கும் மேற்பட்ட மொழிகளின் வெப்பச் சொற்களை ஆராய்கிறது. பொருளைத் தொட்டு உணரும் வெப்பம், சுற்றுப்புறத்தின் வெப்பம், என் உடம்புக்குள் நான் உணரும் வெப்பம் என்று மூன்றாக அவர் பிரிக்கிறார். மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கிற மொழிகளும் உண்டு, தனித்தனியே பிரிக்கிறவையும் உண்டு. அன்புக்கு வெப்பத்தை உவமையாக்குவதும் எல்லா மொழிக்கும் பொதுவானது அல்ல.

அவருடைய மூன்றாவது வகையில் தமிழ் ஒரு ஓரவஞ்சனை செய்கிறது. ‘எனக்குக் குளிருது’ என்று ஒரே வினையில் முடித்துவிடலாம். எதிர்ப்பக்கத்துக்கு அப்படி ஒரு வினை இல்லை. ‘எனக்குச் சுடுது’ என்றால் எதையோ தொட்டுவிட்டேன் என்று ஆகிவிடும். வேர்க்கிறது, புழுக்கமாக இருக்கிறது, கசகசவென்று இருக்கிறது என்று சுற்றிவளைக்க வேண்டும்.

தொட்டு அறிகிற சூட்டிலும் ஏமாற்று வேலை உண்டு. ஒரே அறையில் இருக்கும் இரும்புக் கம்பியும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. தொட்டால் கம்பி சில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. இரும்பு கையின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதுதான் காரணம். தோல் அளப்பது பெரும்பாலும் வெப்பம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை. ஒரு கை சூடாகவும் இன்னொரு கை குளிராகவும் இருந்தால், ஒரே பாத்திரத்துத் தண்ணீர் ஒரு கைக்குக் குளிரும், மற்றதற்குச் சுடும் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கலாம். பிள்ளைக்குச் சுகமில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, புறங்கையை நெற்றியில் வைக்கிறார், அப்புறம் கழுத்தடியில். ‘சுடுதே!’ என்கிறார். வெப்பமானி 37 என்று காட்டுகிறது. தண்ணீரில் இருந்து வந்த கை குளிர்ந்திருந்தது, அதனால் நெற்றி சுட்டது. ஆனால் அம்மா விட்டுக்கொடுப்பாரா? ‘இது உள்காய்ச்சல்’ என்று முடித்துவிடுவார். அந்தச் சொல்லை எந்த வெப்பமானியாலும் மறுக்க முடியாது.

நாக்கில் ஆங்கிலம் குழம்பி, தமிழ் தெளிவாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு. கொதிக்கிற சாற்றுக்கும் மிளகாய்க்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். நமக்குச் சூடு வேறு, காரம் வேறு. ஈழத்தில் அதுவே உறைப்பு. ஆனால் 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்த ‘டிஆர்பிவி1’ என்ற, நரம்பு முனையில் இருக்கும் உணர்வேற்பி, மிளகாயின் காரப் பொருளுக்கும் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும் ஒரே மாதிரித் திறக்கிறது. (இந்தத் துறை ஆய்வுக்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.) நரம்புக்கு இரண்டும் ஒன்றே. தமிழும் பெயர்ச்சொல்லில்தான் பிரித்திருக்கிறது; கடித்த பிறகு அலறும்போது ‘வாய் எரியுது’ என்று நரம்பின் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம்.

நிறத்தில் வெப்பம் பேசுவது முழுக்க இறக்குமதி. ‘வார்ம்’ என்று அச்சடித்த மஞ்சள் விளக்கின் அட்டையில் 2,700 கெல்வின் என்றிருக்கும், ‘கூல்’ என்ற நீல வெள்ளையில் 6,500. கெல்வின் வெப்பநிலையின் அலகு; எண்ணைப் பார்த்தால் கூல்தான் கூடுதல் சூடு. அடுப்புத் தணலைப் பார்த்துப் பழகிய கண் இயற்பியலைக் கேட்பதில்லை.

உடம்பின் சூடு எப்படி அன்பின் பெயராகிறது என்பதற்கு மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், தத்துவவாதி மார்க் ஜான்சன் போன்றோர் சொல்லும் காரணம் எளிமையானது: கைக்குழந்தைக்கு அரவணைப்பும் உடற்சூடும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன, மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. இதை நம்பலாம். ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் 1950களில் குரங்குக் குட்டிகளுக்குச் செய்துவைத்த துணித் ‘தாய்’க்கும், முதுகுப் பக்கம் ஒரு விளக்கு வைத்துச் சூடு வரும்படி செய்திருந்தார். ஆனால் சூடான காப்பிக் கோப்பையைக் கையில் கொஞ்ச நேரம் பிடித்தவர்கள் அடுத்தவரை நல்லவராக மதிப்பிடுகிறார்கள் என்று 2008-இல் வந்து உலகம் சுற்றிய ஆய்வை அவ்வளவு நம்ப வேண்டியதில்லை. வேறு ஆய்வாளர்கள் கூடுதல் ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.

தமிழ்க் குழந்தைக்கும் அதே மடிச்சூடுதானே கிடைத்தது? கிடைத்தது, அதைக் ‘கதகதப்பு’க்குள் வைத்திருக்கிறோம். அதனால்தான் ‘உறவின் கதகதப்பு’ என்று இப்போது எழுதுகிறவர்களை நான் திருத்துவதில்லை. மூலம் மொழிபெயர்ப்பாகவே இருக்கட்டும், அந்தச் சொல் சூழ்ந்து அணைக்கிற சூட்டுக்கு உரியது, நன்றாகவே பொருந்துகிறது. ‘வெதுவெதுப்பான வரவேற்பு’ என்று வந்தால் மட்டும் பேனாவை எடுத்துவிடுகிறேன். அது வாளியில் இருக்க வேண்டியது.

அணைப்பு என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நெருப்பை ஒழிக்கவும் பிள்ளையைச் சேர்த்துப் பிடிக்கவும் நமக்கு ஒரே வினை. அகராதிகள் வேர்க்கதையை எப்படி எழுதினாலும், பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. காய்ச்சல்காரப் பிள்ளை அனத்திக்கொண்டு கிடக்கிறது. ‘விளக்கை அணைச்சிட்டு வாம்மா’ என்கிறது. அம்மா அணைத்துவிட்டு வந்து படுத்து, அதை அணைத்துக்கொள்கிறார். கழுத்தடியில் திரும்பவும் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். ‘பரவாயில்லை, சூடு இறங்கியிருக்கு.’